‘அன்டில் டான்’ விளையாட உட்காருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை இரவுகளில் இந்த கேம் பலமுறை ஓடியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு உட்காருவார். சித்தப்பா பையன், பக்கத்து வீட்டுத் தம்பி, தங்கையின் கல்லூரித் தோழிகள் என்று ஆள்தான் மாறுமே தவிர, கேட்பது அதே கேள்விகள். வாயால் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். முதல் பாதியில் கதை உடையாது. எங்கிருந்து உடையும் என்பதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

அண்ணா, இது படமா கேமா?

கேம்தான். ஆனால் பார்ப்பதற்குப் படம் மாதிரியே இருக்கும். இங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகரத்தில் இருக்கும் சூப்பர்மாசிவ் கேம்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 2015 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தது. கனடாவின் ஆல்பர்ட்டா பகுதியில் பிளாக்வுட் என்றொரு பனிமலை. மலை உச்சியில் ஒரு பணக்காரக் குடும்பத்தின் விடுதி. ஒரு வருடத்துக்கு முன்னால் அதே விடுதியில் நண்பர்கள் செய்த ஒரு குறும்பு விபரீதமாகி, ஹன்னா, பெத் என்ற இரட்டைச் சகோதரிகள் காணாமல் போயிருப்பார்கள். அவர்களுடைய அண்ணன் ஜாஷ் பழைய நண்பர்களை மறுபடி அழைக்கிறான். சாம், மைக், ஜெஸ், எமிலி, மேட், கிறிஸ், ஆஷ்லி, ஜாஷையும் சேர்த்து எட்டுப் பேர், ஒரு ராத்திரி. விடியும் வரை எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்பது உங்கள் கையில்.

நடித்தவர்கள் நிஜ நடிகர்கள். அவர்களுடைய முகத்தையும் அசைவையும் பதிவுசெய்து அப்படியே கேமுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜாஷாக வருபவர் ராமி மாலெக். பிற்பாடு சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினாரே, அவரேதான். சாமாக வருபவர் ஹேடன் பேனட்டியர். அத்தியாயங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து உங்களையே முறைத்துப் பார்க்கும் டாக்டர் ஹில்லாக பீட்டர் ஸ்டோர்மேர். எனக்கு மொத்த கேமிலும் மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

துப்பாக்கிச் சண்டையெல்லாம் தெரியாதே, என்னால் விளையாட முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் கேமே தொடாத அத்தை ஒருவர் நாலு அத்தியாயம் ஓட்டியிருக்கிறார். நீங்கள் செய்யப்போவது மூன்றே வேலைதான். நடந்து திரிந்து பொருட்களைப் பார்ப்பது, இரண்டு பதில்களில் அல்லது இரண்டு செயல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, திரையில் ஒரு பட்டன் பளிச்சென்று தோன்றினால் அதைச் சட்டென்று அழுத்துவது.

மூன்றாவதுதான் புதியவர்களைக் கவிழ்க்கும். முக்கோணம், வட்டம், சதுரம், பெருக்கல் குறி நான்கும் கன்ட்ரோலரில் எங்கெங்கே இருக்கின்றன என்று குனிந்து பார்க்காமல் விரலுக்குத் தெரிய வேண்டும். ஆரம்பிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் இதைப் பழகிக்கொள்ளுங்கள். தவறவிட்ட ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் உயிர் போய்விடாது. பெரும்பாலும் தடுக்கி விழுவார்கள், கொஞ்சம் நேரம் போகும். ஆனால் எது உயிர் போகும் பட்டன் என்று முன்கூட்டி யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆள் ஏன் இவ்வளவு மெதுவா நடக்கிறான்?

அவன் அப்படித்தான். எல்1 பட்டனைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் விறுவிறுப்பாக நடப்பான். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

எந்தப் பதிப்பை வாங்குவது, பழையதா புதியதா?

இரண்டு இருக்கின்றன. 2015-இன் பழைய பதிப்பு பிளேஸ்டேஷன் 4-க்கானது; பிளேஸ்டேஷன் 5-லும் ஓடும். 2024 அக்டோபரில் வந்த மறு ஆக்கம் பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் உண்டு. அதைச் செய்தது பாலிஸ்டிக் மூன் என்ற வேறு நிறுவனம். கணினி மட்டும் வைத்திருப்பவருக்குப் புதியதைத் தவிர வழியில்லை.

இரண்டும் கைவசம் இருந்தால் நான் பழையதைத்தான் சொல்வேன். புதியதில் வெளிச்சம், தோல், பனி எல்லாம் அழகு கூடியிருக்கிறது. ஆனால் பழையதில் கேமரா ஒரு மூலையில் நிலையாக நின்று பார்க்கும். யாரோ ஒளிந்திருந்து நம்மைக் கவனிக்கிற மாதிரி இருக்கும். புதியதில் கேமராவை ஆளின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்துவிட்டார்கள். வசதிதான், ஆனால் அந்த நடுக்கம் குறைந்துவிட்டது. பழைய பதிப்பின் நீல இருட்டும் போய்விட்டது. இது என் ரசனை, சண்டைக்கு வரவேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் உண்டா?

கிடையாது. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமான வசனங்கள் பல கிசுகிசுப்பாக வரும், இல்லையென்றால் காற்று ஊளையிடும் சத்தத்துக்கு நடுவில் வரும். கூட்டமாக உட்கார்ந்தால் ஒருவர் வாய்விட்டு மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பார். தேர்வு வரும் நேரத்தில் அவர் வாயை மூடவேண்டும் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. பல தேர்வுகளுக்குச் சில விநாடிகள்தான் அவகாசம்.

எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே ராத்திரியில முடிக்கலாமா?

பத்து அத்தியாயங்கள். எட்டிலிருந்து பத்து மணி நேரம். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் உண்மையாகவே விடிந்துவிடும். நாங்கள் ஒருமுறை அப்படிச் செய்து பார்த்தோம். ஏழாவது அத்தியாயத்துக்குள் பாதிப் பேர் சோபாவிலேயே தூங்கிவிட்டார்கள். இரண்டு இரவுகளாகப் பிரித்தால் சரியாக இருக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் தொலைக்காட்சித் தொடர் மாதிரி முன்கதைச் சுருக்கம் வரும். அதனால் நடுவில் நிறுத்தினாலும் நூல் அறுந்துபோகாது.

வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க, பக்கத்துல உட்கார வைக்கலாமா?

வேண்டாம். ஐரோப்பாவில் 18 வயது, அமெரிக்காவில் 17 வயது என்று முத்திரை குத்தி வந்த கேம் இது. ரத்தம் மட்டும் காரணமில்லை. சில சாவுகள் உண்மையிலேயே கொடூரமானவை. பெரியவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

அந்தப் பட்டாம்பூச்சிப் படம் மூலையில் வந்து வந்து போகிறதே, அது என்ன?

நீங்கள் இப்போது செய்தது பின்னால் எங்கோ போய் இடிக்கும் என்ற அறிவிப்பு. இதைப் ‘பட்டாம்பூச்சி விளைவு’ என்பார்கள். அந்தப் பெயர் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லொரென்ஸிடமிருந்து வந்தது. பிரேசிலில் ஒரு பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சாஸில் சூறாவளி கிளம்புமா என்பதுதான் 1972-இல் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு. தொடக்கத்தில் இருக்கும் மிகச் சிறிய வேறுபாடு முடிவில் பெரிதாகிவிடலாம் என்பதுதான் விஷயம்.

கேமில் இதற்கு ஓர் உதாரணம், முதல் அத்தியாயத்திலேயே வருவது. துப்பாக்கி சுடும் பயிற்சியில் கிறிஸ் பையைச் சுட்டுக்கொண்டிருப்பான். நடுவில் ஓர் அணில் வந்து உட்காரும். நம் ஊர் ஆட்கள் பத்தில் எட்டுப் பேர் அணிலைச் சுட்டுவிடுகிறார்கள், ஏனென்று கேட்டால் சிரிக்கிறார்கள். சுட்டால் சிறிது நேரம் கழித்து ஒரு பறவை பாய்ந்து சாமின் முகத்தைக் கொத்திவிடும். உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இரவு முழுக்க அவள் முகத்தில் அந்தக் காயம் இருக்கும், அது தெரியும்போதெல்லாம் சுட்டவர் சோபாவில் நெளிவார். நின்று நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால், விளையாட்டை நிறுத்தி வைக்கும் பட்டியலில் பட்டாம்பூச்சிப் பக்கம் ஒன்று உண்டு. எந்தத் தேர்வு எதில் போய் முடிந்தது என்று சங்கிலியாகக் காட்டும்.

மரப்பொம்மை மாதிரி ஒன்று கிடைத்தது, திருப்பிப் பார்த்தால் யாரோ சாகிறார்கள். பயந்துவிட்டேன்.

அது டோட்டம். கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தால், நடக்கக்கூடிய ஒரு காட்சி சில விநாடிகள் தெரியும். நடந்தே தீரும் என்று பொருளில்லை. பழைய பதிப்பில் மொத்தம் முப்பது, ஐந்து நிறங்களில். கறுப்பு என்றால் அதை எடுத்த ஆளின் சாவு, பழுப்பு என்றால் நண்பரின் சாவு, சிவப்பு ஆபத்து, மஞ்சள் நல்லது நடப்பது, வெள்ளை என்ன செய்யவேண்டும் என்ற வழிகாட்டல். புதிய பதிப்பில் ஆறாவதாகப் பசி டோட்டம் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள்.

வெள்ளையையும் மஞ்சளையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பைப் பார்த்து மிரண்டுபோய், அதைத் தவிர்க்கிறேன் என்று வேறு குழியில் விழுந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

‘அசையாதே’ என்று வருகிறது, நான் அசையவே இல்லை, இருந்தும் மாட்டிக்கொண்டேன். எப்படி?

நீங்கள் அசையவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கன்ட்ரோலருக்குள் இருக்கும் சென்சார் அப்படி நினைக்கவில்லை. மூச்சை இழுத்து விடும்போது வயிற்றோடு சேர்ந்து கையும் ஏறி இறங்கும். எங்கள் வீட்டில் ஒருவர் சிலையாக உட்கார்ந்திருந்தார். சமையலறையில் குக்கர் விசிலடித்தது. அவ்வளவுதான், ஆள் போய்ச்சேர்ந்தாள்.

முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, பாதி விட்ட நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். கன்ட்ரோலரைத் தரையிலோ மேசையிலோ வைத்துவிடுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும். ஆனால் வைக்கும்போது தட்டக்கூடாது, உடனே அடுத்த பட்டன் வந்தால் எடுக்க நேரம் இருக்காது. அதோடு, இந்தக் காட்சிகளின் சுவையே கை நடுங்குவதில்தானே இருக்கிறது.

தப்பான தேர்வு செய்துவிட்டேன். பழைய சேவுக்குப் போகலாமா?

போக முடியாது. தானாகவே சேமித்துக்கொண்டு போகும். பதறிப்போய் கேமை மூடித் திறப்பதற்குள் உங்கள் தவறு பத்திரமாகப் பதிவாகியிருக்கும். ஒருமுறை முழுக்க முடித்த பிறகு, பிடித்த அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். ஆனால் மாற்றம் இறுதிவரை போய்ச் சேர அங்கிருந்து கடைசி வரை ஆடவேண்டும்.

இது குறை என்று பலர் திட்டுகிறார்கள். எனக்கு இதுதான் கேமே. திரும்பிப்போக வழி இருந்தால் யாரும் தேர்ந்தெடுக்கவே மாட்டார்கள், சோதித்துத்தான் பார்ப்பார்கள். முதல் ஆட்டத்தில் செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும். இணையத்தில் வழிகாட்டியையும் தேடாதீர்கள். என் முதல் ஆட்டத்தில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள், அந்த ஆட்டம்தான் இன்னும் காட்சி காட்சியாக நினைவிருக்கிறது. பிறகு எல்லாரையும் காப்பாற்றி ஆடிய ஆட்டத்தில் எனக்கு எதுவுமே ஞாபகமில்லை.

நேரம் முடிவதற்குள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் தோல்வியா?

இல்லை, அதுவும் ஒரு பதில்தான். சில இடங்களில் பேசாமல் இருப்பதும், குறிவைத்த துப்பாக்கியைச் சுடாமல் இருப்பதும்தான் சரி. திரையில் குறி தோன்றிவிட்டது என்பதற்காகச் சுட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அணிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னார் இன்னாரோடு எவ்வளவு நெருக்கம், எவ்வளவு தைரியசாலி என்று கோடுகள் காட்டுகிறதே, அதை ஏற்றினால் பிழைப்பார்களா?

நேர்மை, தைரியம், நகைச்சுவை, காதல் என்று ஆளுக்கொரு பட்டியல் இருக்கும். அதை ஏற்றி இறக்கி எதையும் சாதித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அழகுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிர் போவதும் நிற்பதும் குறிப்பிட்ட சில தருணங்களில்தான். ஆனால் இருவருக்கு நடுவில் என்ன நடந்தது என்பது ஓரிடத்தில் பலமாக வந்து அடிக்கும். அதைக் கீழே கதவு பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஐந்தாறு பேர் சேர்ந்து விளையாட முடியுமா?

இந்த கேமில் அதற்கென்று தனி வசதி இல்லை; ஒருவர் ஆடும் ஆட்டம்தான். ஆனால் உலகம் முழுக்க மக்கள் கன்ட்ரோலரைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் ஆடினார்கள். எங்கள் முறை இது: ஆரம்பத்திலேயே எட்டுப் பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் பங்கு போடுவோம். யாருடைய ஆள் திரைக்கு வருகிறாரோ அவர் கைக்குக் கன்ட்ரோலர் போகும். ஆள் செத்தால் அவர் எழுந்துபோய் எல்லாருக்கும் டீ போடவேண்டும்.

மக்கள் இப்படி ஆடுவதைப் பார்த்துத்தான் அதே நிறுவனம் அடுத்த கேம்களில் இதை உள்ளேயே வைத்தது. 2019-இல் வந்த ‘மேன் ஆஃப் மெடான்’, பேய்க்கப்பல் கதை, அதில் ஐந்து பேர் வரை பெயர் போட்டுக்கொண்டு முறைவைத்து ஆடலாம். இருவர் அவரவர் வீட்டிலிருந்து இணையத்தில் சேர்ந்து ஆடவும் வழி உண்டு. நான் இங்கே என்ன முடிவெடுத்தேன் என்று அங்கே இருப்பவருக்குத் தெரியாது. 2022-இன் ‘தி குவாரி’யில் இன்னொரு நல்ல காரியம் செய்தார்கள்: நீங்கள் கன்ட்ரோலரைத் தொடாமல் படமாகவே ஓடவிட்டுப் பார்க்கலாம். அதில் ‘அசையாதே’ தொல்லையும் இல்லை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்து மூச்சை அடக்கினால் போதும். குக்கர் வீடுகளுக்கு ஏற்றது.

படம் வந்ததே, அதைப் பார்த்துவிட்டு விளையாடினால் கதை தெரிந்துவிடுமா?

தெரியாது. 2025 ஏப்ரலில் வந்த படத்தின் கதை வேறு, ஆட்கள் வேறு. ஒரே இரவு திரும்பத் திரும்ப வரும் கதை அது. டாக்டர் ஹில் மட்டும் அதே ஆள். எனக்கு ஒரு முரண் தோன்றியது: செத்தால் திரும்பி வர முடியாது என்பதை மூச்சாக வைத்த கேமுக்கு, செத்துச் செத்து எழும் கதையைப் படமாக எடுத்திருக்கிறார்கள்.

இதற்குக் கீழே எல்லாம் கதையை உடைக்கும். முடிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, விளையாடிவிட்டு வாருங்கள்.

ரம்பத்துக்கு முன்னால் ஜாஷையும் ஆஷ்லியையும் ஒரு முகமூடிக்காரன் கட்டிவைத்திருக்கிறான். யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஜாஷ்தான் சாகிறான். கேம் ஏமாற்றுகிறதா?

ஆமாம், ஏமாற்றுகிறது, ஆனால் ஏமாற்றுவது ஜாஷ். தங்கைகள் போன துக்கத்தில், நண்பர்களைப் பழிவாங்க அவன் போட்ட நாடகம் அது. அறுபட்டது பொம்மை. அதற்குப் பிறகு வரும் துப்பாக்கிக் காட்சியும் அப்படியே. ‘ஆஷ்லியைச் சுடு, இல்லையென்றால் உன்னைச் சுட்டுக்கொள்’ என்று கிறிஸிடம் சொல்லும்போது துப்பாக்கியில் இருந்தது வெற்றுத்தோட்டா. யாரை நோக்கிச் சுட்டாலும் யாரும் சாகமாட்டார்கள்.

‘அப்படியானால் அந்தத் தேர்வுக்கு என்ன மதிப்பு’ என்று என்னிடம் கோபமாகக் கேட்டவர்கள் உண்டு. தோட்டா பொய்தான். ஆனால் கிறிஸ் தன் முகத்துக்கு நேரே நீட்டிச் சுட்டான் என்பது ஆஷ்லிக்குப் பொய்யில்லையே. இந்த கேமைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்த ஓர் இடத்தில் இருக்கிறது என்பேன். சம்பவம் மாறவில்லை, அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷி மாறிவிட்டாள். அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கிறிஸ் ஓடிவந்து கதவைத் தட்டுகிறான், உள்ளே நிற்கும் ஆஷ்லி திறக்கவே மாட்டேன் என்கிறாள். பட்டன் எதையும் தவறவிடவில்லையே?

மேலே சொன்ன துப்பாக்கிக் காட்சியில் என்ன செய்தீர்கள்? ஆஷ்லியை நோக்கிச் சுட்டிருந்தால் இதுதான் கூலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள், கதவைத் திறக்கமாட்டாள். பின்னால் வந்துகொண்டிருக்கும் வெண்டிகோ, அதாவது அந்த மலையில் வேட்டையாடித் திரியும் கொடிய உருவம், அவனைப் பிடித்துவிடும். தன்னைச் சுட்டுக்கொள்ளத் துணிந்திருந்தால் கதவு திறக்கும், பனியில் ஓடிவரும்போது குறி தவறாமல் சுட்டிருந்தால்.

எங்கள் வீட்டில் ஆஷ்லி தங்கையின் பங்கு, கிறிஸ் என் தம்பியின் பங்கு. கதவு திறக்காதபோது அவள்தான் வேண்டுமென்றே செய்தாள் என்று அவன் இரண்டு நாள் பேசவில்லை. அவள் கையில் அந்த நேரம் கன்ட்ரோலரே இல்லை.

எமிலியை வெண்டிகோ கடித்துவிட்டது. அவளும் அதுவாக மாறுவதற்குள் மைக் சுட்டுவிட வேண்டுமா?

சுடாதீர்கள். பேய்ப்படங்கள் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு பாடம் பதிந்திருக்கிறது: கடிபட்டவர் மாறிவிடுவார். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் இங்கே வலை விரித்திருக்கிறார்கள். கடியால் எதுவும் தொற்றாது. கொஞ்ச நேரத்தில் ஆஷ்லி ஒரு குறிப்பேட்டைப் புரட்டி அதைக் கண்டுபிடிப்பாள். அதற்குள் சுட்டிருந்தால், அந்த வரியைப் படிக்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் அழுத்தாமல் இருப்பது பற்றி மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை.

வெண்டிகோ என்பது இவர்களாகக் கட்டிய கதையா, உண்மையில் அப்படி நம்பிக்கை உண்டா?

உண்டு. வட அமெரிக்காவின் அல்கோன்கியன் மொழிகள் பேசும் மக்களின், அதாவது கிரீ, ஓஜிப்வே போன்றவர்களின், பழங்கதைகளில் வருவது. நீண்ட குளிர்காலம், உணவு தீர்ந்துபோன முகாம், அந்தப் பசியில் மனித இறைச்சியைத் தின்றவன் தீராப் பசிகொண்ட ஒன்றாக மாறிவிடுவான். எவ்வளவு தின்றாலும் அடங்காது. பேராசைக்கு எதிரான எச்சரிக்கையாகவும் அந்த மக்கள் இதைச் சொல்வார்கள். கேமில் இதை 1952-இல் இடிந்த சுரங்கத்தோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மான்கொம்பு முளைத்த உருவமாகப் பல இடங்களில் வரைகிறார்களே, அது பழங்கதையில் உள்ளதல்ல. கேமிலும் கொம்பு இல்லை, எலும்பும் தோலுமாகத்தான் வருகின்றன. அந்த மட்டில் நேர்மை.

அந்த மக்களில் பலருக்கு இது வெறும் பேய்க்கதை அல்ல, பெயரைச் சொல்லவே தயங்குவார்கள். அதைப் பொழுதுபோக்குக்கு எடுத்தாள்வது பற்றி அவர்களுக்கு வருத்தமும் உண்டு. நம் ஊர்ச் சிறுதெய்வத்தை யாரோ எங்கோ வேட்டையாடும் பூதமாக்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

எட்டுப் பேரையும் காப்பாற்ற முடியுமா? எங்கெங்கே கவனமாக இருக்கவேண்டும்?

முடியும், ஜாஷைப் பற்றி ஒரு ‘ஆனால்’ உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவது ஆட்டத்துக்கு மட்டும் இதைப் படியுங்கள். ஜெஸ்ஸை இழுத்துக்கொண்டு போனதும் மைக் பின்னால் ஓடும்போது, பத்திரமான சுற்றுவழி வேண்டாம், குறுக்கு வழியிலேயே போகவேண்டும், பட்டன் தவறக்கூடாது. தாமதித்தால் அவள் இல்லை. மேட் மான்கூட்டத்துக்கு நடுவில் மாட்டும்போது மானை அடிக்காமல் பொறுமையாக நடக்கவேண்டும். கோபுரம் சரிந்து எமிலி தொங்கும்போது எல்லாரும் தியாகியாகி விடுகிறார்கள். மேட் அவளைக் காப்பாற்றினாலும் விட்டாலும் அவள் விழத்தான் செய்வாள், பிழைக்கவும் செய்வாள். திரும்பத் திரும்ப முயன்றால் சாவது மேட்தான். அவனைக் குதிக்கவிடுங்கள். எமிலி அவனிடம் அபாய வெளிச்சம் விடும் ஒளித்துப்பாக்கியைக் கொடுத்து, அவனும் அதை வானத்தில் சுட்டுத் தீர்க்காமல் வைத்திருந்தால் அது வேறு கணக்கு, அப்போது முயன்று பார்க்கலாம்.

கிறிஸுக்கும் எமிலிக்கும் வேண்டியதை மேலேயே சொல்லிவிட்டேன். ஆஷ்லி சுரங்கத்தில் ஜெஸ்ஸின் குரலைக் கேட்பாள். அது ஜெஸ் இல்லை. தரையில் இருக்கும் கதவைத் திறக்காமல் மற்றவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளட்டும். சாமுக்கும் மைக்குக்கும் பத்தாவது அத்தியாயம் வரை உயிராபத்தே கிடையாது. சாமை என்ன செய்தாலும் சாகடிக்க முடியவில்லை என்று வியந்தவர்களுக்கு இதுதான் விடை.

கடைசிக் காட்சியில் சாம் விளக்கு ஸ்விட்சை நோக்கி ஓடினாள், வெளியே வராத நண்பர்கள் எல்லாரும் தீயில் போய்விட்டார்கள். எப்போது ஓடவேண்டும்?

கடைசியில். விடுதி முழுக்க வாயு கசிந்திருக்கும். ஸ்விட்சைப் போட்டால் வெடிக்கும். ஓட ஒரு வாய்ப்பும் அசையாமல் நிற்க ஒரு வாய்ப்பும் மாறி மாறி வரும். ஒவ்வொரு முறை அசையாமல் நின்று தாக்குப்பிடிக்கும்போதும் ஒருவர் வாசலைத் தாண்டுவார். எல்லாரும் வெளியேறியதைக் கண்ணால் பார்த்த பிறகு ஓடுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், குக்கர் அடுப்பில் இருந்தால் இறக்கிவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான முடிவுகள் என்று விளம்பரம் செய்தார்களே, எனக்கு ஒரே முடிவு மாதிரிதான் தெரிகிறது?

இரண்டும் சரி. எட்டுப் பேர், ஒவ்வொருவரும் இருப்பார் அல்லது இறப்பார் என்று பெருக்கினால் 256 வரும். அப்படித்தான் அந்த எண்ணிக்கை ஊதிப்போகிறது. ஆனால் எப்படி ஆடினாலும் விடுதி எரிகிறது, சூரியன் உதிக்கிறது, பிழைத்தவர்கள் போலீஸ் விசாரணையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கதையின் தண்டவாளம் ஒன்றுதான். கடைசி நிலையத்தில் யார் யார் இறங்குகிறார்கள் என்பது மாறும். புதிய கதை கிடைக்கும் என்று நம்பி மூன்றாவது, நான்காவது முறை ஆடினால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வேறு ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று வேடிக்கை பாருங்கள், அது அலுக்காது.

ஜாஷை மட்டும் எத்தனை முறை ஆடினாலும் காப்பாற்ற முடியவில்லை.

பத்தாவது அத்தியாயத்தில் சாமும் மைக்கும் சுரங்கத்துக்குள் போகும்போது அவசரப்படாதீர்கள். அங்கே ஹன்னா எழுதிவைத்த நாட்குறிப்பு கிடக்கிறது. மேலே இருந்து பெத்தோடு விழுந்து, பிழைத்து, யாரும் வராமல், பசி தாங்காமல், இறந்துபோன பெத்தைத் தோண்டியெடுத்தது வரை எல்லாம் அதில் இருக்கும். மலையில் அவர்களை வேட்டையாடிக்கொண்டிருக்கும் மிகப் பெரிய வெண்டிகோ யார் என்று அப்போதுதான் விளங்கும். சாம் அதைக் கண்டெடுத்திருந்தால், தன்னைத் தூக்கிப்பிடிக்கும் அந்த உருவத்தின் கையைப் பார்த்து ஜாஷ் ‘ஹன்னா’ என்று அடையாளம் காண்பான். அது அவனைக் கொல்லாமல் இருட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். கண்டெடுக்காவிட்டால் அங்கேயே கொன்றுவிடும்.

உயிரோடு இருக்கிறான் என்று கேமின் கணக்கில் வரும். நான் சொன்ன ‘ஆனால்’ இதுதான்: பழைய பதிப்பில் பெயர்ப்பட்டியல் ஓடியதும் எழுந்து போய்விடாதீர்கள், அதற்குப் பிறகு ஒரு காட்சி இருக்கிறது. சுரங்கத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில், குனிந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் ஓர் ஆள் தலையைத் திருப்புவான்.